ஆர்னெட் கோல்மனின் எலெக்ட்ரிக் ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனைப் பற்றி வந்த கேள்வி இது: "ஆர்னெட் கோல்மன் 1959-இல் செய்த குவார்ட்டெட் (நால்வர் குழு) ஆல்பங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எழுபதுகளில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்களை வைத்துக்கொண்டு 'பிரைம் டைம்' என்ற குழுவோடு அவர் செய்த பதிவுகள் பிடிபடவில்லை. ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பது போலிருக்கிறது. இது ஃபங்க்கா, ஃப்ரீ ஜாஸா? எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?"

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆஃப் ஹியூமன் ஃபீலிங்ஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அது காதுக்குப் பழகியதும் 'டான்சிங் இன் யுவர் ஹெட்' கேளுங்கள். மற்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "ஆளுக்கொரு பாட்டு" என்று உங்கள் காதில் விழுந்தது சரியாகவே விழுந்திருக்கிறது. அந்தக் குழு அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று கோல்மன் விரும்பினார். அது ஏன் குழப்பமாக இல்லை, ஏன் அதில் இவ்வளவு ஆட்டமும் சந்தோஷமும் இருக்கிறது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

ஆட வைக்கும் தாளம் கொண்ட ஃபங்க்கா, கட்டுகளை உதறிய ஃப்ரீ ஜாஸா என்ற கேள்விக்குப் போகும் முன் அவருடைய ஊருக்குப் போக வேண்டும். கோல்மன் 1930-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த காலம். கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஐ.எம். டெரல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அந்த ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்களின் பட்டியல் நம்ப முடியாதது: ரிதம் அண்டு ப்ளூஸ் உலகில் புகழ்பெற்ற கிங் கர்ட்டிஸ், பின்னால் கோல்மனோடு பல ஆண்டுகள் வாசித்த ட்யூவி ரெட்மன், டிரம்மர் சார்ல்ஸ் மொஃபெட், சில ஆண்டுகள் இளையவர்களான ஜூலியஸ் ஹெம்ப்ஹில், ரொனால்ட் ஷானன் ஜாக்சன். இளைஞர் கோல்மன் வயிற்றுப்பாட்டுக்கு வாசித்தது ஜாஸ் அல்ல. நடனக் கூடங்களிலும் மதுக்கடைகளிலும் ஜனங்கள் ஆடுவதற்காக ப்ளூஸ் வாசித்தார். ஊர் ஊராகப் போன ஒரு சுற்றுப்பயணத்தின்போது லூசியானாவின் பேட்டன் ரூஜில் அவரை அடித்து நொறுக்கி, சாக்ஸபோனையும் உடைத்துப் போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்ததுகூட பீ வீ கிரேட்டன் என்ற ப்ளூஸ் கிட்டார்காரரின் குழுவோடுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலெக்ட்ரிக் ஆல்பங்கள் வந்தபோது, காலத்துக்கேற்ப ஃபங்க் பக்கம் தாவிவிட்டார் என்று பேசியவர்கள் இருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆடுவதற்கான இசை அவருக்குப் புதிதே அல்ல. அவருடைய ஆல்டோ சாக்ஸபோனை எந்தக் காலத்துப் பதிவில் கேட்டாலும் அந்த டெக்சஸ் ப்ளூஸின் அழுகை அதில் இருக்கும். 1976-இல் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் இருப்பதும் 1949-இல் அவர் நின்ற மேடையில் கிட்டார் இருந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

நடுவில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1959-இல் டான் செர்ரி, சார்லி ஹேடன், பில்லி ஹிகின்ஸ் ஆகியோரோடு 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்து ஜாஸ் உலகையே இரண்டாகப் பிளந்தார். அந்தக் குழுவில் பியானோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஜாஸில், பாட்டின் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அந்தப் பாட்டின் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை சுழன்றுகொண்டே இருக்க, அதன் மேல் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசிப்பார்கள். கோல்மன் அந்தச் சுழற்சியைத் தூக்கிப் போட்டார். மெட்டு எந்த உணர்வைக் கிளப்புகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சோலோ போகட்டும், பேஸ்காரர் அதைக் காதால் தொடரட்டும் என்றார். 1960 டிசம்பர் 21 அன்று பதிவான 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் இதை இரட்டிப்பாக்கினார்: இரண்டு குவார்ட்டெட்கள் ஒரே சமயத்தில், ஏறக்குறைய 37 நிமிடம். ஒரே வாத்தியத்தில் இரண்டு இரண்டு பேர் என்ற இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த இரண்டு ஆல்பங்கள் எலெக்ட்ரிக் காலத்துக்கான வாசல் என்று நான் நினைக்கிறேன். 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்' ஒன்று. பம்பாயிலிருந்து நியூயார்க் போயிருந்த ஆஷா புத்லி அதில் இரண்டு பாடல்கள் பாடியிருக்கிறார். 'வாட் ரீசன் குட் ஐ கிவ்' என்ற பாட்டில் அவர் குரல் ஊதுவாத்தியங்களுக்கு நடுவே நீண்டு மிதந்து போகும் விதத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இன்னொன்று 1972-இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவான 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா'. தன் குவார்ட்டெட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்க விதிகள் அதற்கு இடம் தராததால் அவர் மட்டும் ஆர்க்கெஸ்ட்ராவின் முன் நின்று வாசித்தார். அதில் 'தி குட் லைஃப்' என்று ஒரு சின்ன மெட்டு வருகிறது. குழந்தைகள் விளையாடும்போது பாடுவது போல எளிமையானது. முதல் எலெக்ட்ரிக் ஆல்பம் முழுக்க முழுக்க இந்த மெட்டின் மேல்தான் நிற்கிறது.

கொலம்பியா அவரைக் கைவிட்டது. 1973 ஜனவரியில் அவர் மொராக்கோ போனார். ரிஃப் மலைப்பகுதியில் ஜஜூக்கா என்ற கிராமத்தில், நம் நாகஸ்வரத்துக்குச் சொந்தமென்று சொல்லத்தக்க இரட்டைச் சீவாளி ஊதுவாத்தியத்தைப் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக ஊதி, பின்னால் முரசுகள் முழங்கும் ஓர் இசை மரபு இருக்கிறது. விழா நாட்களில் மணிக்கணக்கில் ஓயாமல் நடக்கும். கோல்மன் அவர்களோடு சேர்ந்து வாசித்தார். எழுத்தாளரும் கிளாரினெட் வாசிப்பவருமான ராபர்ட் பாமரும் உடன் இருந்தார். எல்லோரும் ஒரே மெட்டை வாசிக்கிறார்கள், ஆனால் யாரும் யாருடனும் ஒட்டிப் பொருந்துவதில்லை. ஒவ்வொருவர் மூச்சும் சுருதியும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஆனாலும் அந்தக் கூட்டு ஒலி ஒரே உடம்பு போல நகர்கிறது. ஊர் திரும்பிய பிறகு அவர் கட்டிய மின்குழுவில் எனக்குக் கேட்பது இந்த ஒலியின் நகர வடிவம்.

அந்தக் குழுவின் முதல் வெளியீடு 1977-இல் ஏ அண்டு எம் நிறுவனத்தின் ஹொரைசன் பெயரில் வந்த 'டான்சிங் இன் யுவர் ஹெட்'. பாரிசில் பதிவானது. பெர்ன் நிக்ஸ், சார்ல்ஸ் எல்லர்பி என்று இரண்டு கிட்டார்கள். பேஸில் ரூடி மெக்டேனியல் என்ற பிலடெல்பியா இளைஞர். பின்னால் ஜமாலதீன் டக்கூமா என்று பெயர் மாற்றிக்கொண்டார், இனி அப்படியே அழைக்கிறேன். டிரம்ஸில் அதே ஃபோர்ட் வொர்த் பள்ளியின் ரொனால்ட் ஷானன் ஜாக்சன். 'தீம் ஃப்ரம் எ சிம்பொனி' என்ற ஒரே பொருளின் இரண்டு நீண்ட வடிவங்கள் ஆல்பத்தின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. கடைசியில் ஜஜூக்காவில் பதிவான 'மிட்நைட் சன்ரைஸ்' ஒரு சிறு துண்டாக வருகிறது.

முதல் வடிவத்தை எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். தொடங்கியதும் அந்தக் குழந்தைப் பாட்டு மெட்டு வரும். மறுபடி வரும். மறுபடி, மறுபடி. "சரி, புரிந்துவிட்டது, மேலே போகலாம்" என்று மனம் சொல்லும். அதற்குப் பிறகும் அவர்கள் விடமாட்டார்கள். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த மெட்டு உங்கள் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும், இனி யாரும் வாசிக்காவிட்டாலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிலை வந்ததும் கோல்மன் கிளம்புகிறார். பத்து நிமிடத்துக்கும் மேல் நிறுத்தாமல் வாசிக்கிறார். வாசிப்பதில் பாதி அந்த மெட்டிலிருந்து பிறந்த புதுப் புது மெட்டுகள். ஒவ்வொன்றும் பாடிப் பார்க்கக்கூடியது. கீழே ஜாக்சனின் டிரம்ஸ் வழக்கமான ஃபங்க் டிரம்ஸ் போல இல்லை. பெரிய டிரம் இடிக்கிறது, ஸ்னேர் என்ற சிறு டிரம்மில் ராணுவ அணிவகுப்பின் சாயல் வருகிறது. டக்கூமாவின் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் தன் பாட்டுக்கு ஒரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போகிறது. இரண்டு கிட்டார்களில் ஒன்று சுத்தமான ஒலியில் மெட்டின் துண்டுகளைப் பொறுக்குகிறது, மற்றொன்று கரகரவென்று தாளத்தைக் கிழிக்கிறது. முடியும் இடத்தில் முடிவு என்று ஒன்றும் இல்லை, சட்டென்று நிற்கும்.

இங்கே அவருடைய கொள்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஹார்மோலோடிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் கொடுத்த விளக்கங்கள் பெரும்பாலும் தத்துவ மொழியில் இருக்கும், படிப்பவரைத் திணறடிக்கும். நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்த்தால் அவ்வளவு கடினமில்லை. ஆல்டோ சாக்ஸபோனுக்கு எழுதிய காகிதத்தில் 'சி' என்று இருந்தால், வாத்தியத்திலிருந்து வருவது பியானோவின் 'இ ஃபிளாட்'. டிரம்பெட்காரர் அதே 'சி'யை வாசித்தால் 'பி ஃபிளாட்' ஒலிக்கும். வழக்கமாக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மாற்றி எழுதி, எல்லோரையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அப்படி மாற்றாமல் ஒரே காகிதத்தை எல்லோருக்கும் கொடுத்தால், ஒரே மெட்டு பல சுருதிகளில் ஒரே நேரத்தில் நகரும். மெட்டின் வடிவம் ஒன்று, நிற்கும் இடங்கள் பல. கோல்மனுக்கு இது தவறாகக் கேட்கவில்லை, இயல்பாகக் கேட்டது. அதன் மேல் இன்னும் ஒரு படி போனார். மெட்டு, கார்ட், தாளம், வேகம் இவற்றில் எதுவும் மற்றதற்கு வேலைக்காரன் இல்லை. பேஸ்காரர் அடித்தளம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, டிரம்மர் நேரம் காட்ட வேண்டியதில்லை, கிட்டார்காரர் பின்னணி கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் அந்த மெட்டைத் தன் வழியில் சொல்லலாம். ஆனால் மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அதே காலத்தில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் மின்வாத்தியங்களுக்கு மாறியிருந்தார். 'பிட்சஸ் ப்ரூ' 1970-இல் வந்தது, 'ஆன் தி கார்னர்' 1972-இல். அந்த ஆல்பங்களில் பேஸும் டிரம்ஸும் ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வட்டம் நெடுநேரம் மாறாது. அதன் மேல் மற்றவர்கள் நுழைவார்கள், விலகுவார்கள். ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க்கிலும் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய சின்னத் துண்டு உண்டு, எல்லாம் முதல் அடியில் வந்து சேர்ந்து விழும். பிரைம் டைமில் இந்தச் சேர்ந்து விழும் இடம் இல்லை. துடிப்பு எல்லோருக்கும் பொது. கால் தாளம் போடும், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த அடியில் அழுத்துவது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஃபங்க்கின் உடம்பு அப்படியே இருக்கிறது, அதன் அதிகார வரிசை மட்டும் கலைந்துவிட்டது. அதனால் ஃபங்க்கா ஃப்ரீயா என்று பிரிக்க முயன்றால் கேட்பது கெட்டுப்போகும். 1959-இல் பியானோவை நீக்கியபோது எதைச் செய்தாரோ, அதையேதான் இங்கே மின்குழுவுக்கும் செய்தார்.

அதே பாரிஸ் பதிவுகளிலிருந்து வந்த இன்னொரு ஆல்பம் 'பாடி மெட்டா'. ஜான் ஸ்னைடரின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஹவுஸ் நிறுவனம் 1978-இல் வெளியிட்டது. முதல் ஆல்பத்தின் பிடிவாதம் இதில் இல்லை, ஐந்து பாடல்கள், ஐந்து மனநிலைகள். முதல் பாட்டு 'வாய்ஸ் பொயட்ரி' போ டிட்லி பாணித் தாளத்தில் கிட்டாரோடு தொடங்கும். ஐம்பதுகளின் ராக் அண்டு ரோல் நேராக ஃப்ரீ ஜாஸுக்குள் நடந்து வருவது போலிருக்கும். நான் அடிக்கடி திரும்பிப் போவது 'ஃபூ அமூர்' என்ற மெதுவான பாட்டுக்கு. இந்தக் குழு சத்தமாக மட்டுமே வாசிக்கும் என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். கோல்மன் ஒரு மெதுவான மெட்டைப் பிடித்தால் அதற்குள் இருக்கும் தனிமை அப்படியே வந்துவிடும்.

அடுத்தது நான் தொடங்கச் சொன்ன 'ஆஃப் ஹியூமன் ஃபீலிங்ஸ்'. 1979 மார்ச்சில் ஆர்சிஏ நிறுவனத்தின் நியூயார்க் ஸ்டூடியோவில், நாடா இல்லாமல் நேரடியாகத் தட்டில் வெட்டும் முறையில் ஒரு பதிவு முயன்றார்கள். கருவிகளில் கோளாறு, பதிவு வீணானது. ஏப்ரல் 14 அன்று குழு 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'டைம்ஸ் ஸ்கொயர்' பாட்டை வாசித்தது. சிரிப்பு நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்திருந்த அமெரிக்க வீடுகளுக்குள் அந்த இசை போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, சிபிஎஸ் ஸ்டூடியோவில் ஆல்பம் முழுவதையும் பதிவு செய்தார்கள். இந்த முறை சோனியின் இரண்டு டிராக் டிஜிட்டல் கருவி. அமெரிக்காவில் டிஜிட்டலில் பதிவான முதல் ஜாஸ் ஆல்பம் என்று இதைச் சொல்வார்கள். இரண்டே டிராக் என்பதால் பின்னால் உட்கார்ந்து சேர்ப்பதற்கும் திருத்துவதற்கும் வழியில்லை. எல்லாப் பாடல்களும் முதல் முறை வாசித்தபடியே. ஆனாலும் வெளிவர மூன்று ஆண்டுகள் ஆயின. 1982-இல் ஐலண்டின் துணை நிறுவனமான ஆன்ட்டில்ஸ் வெளியிட்டது.

இதில் டிரம்ஸ் இரண்டு. ஷானன் ஜாக்சன் போய்விட்டார், அவர் இடத்தில் பதின்ம வயதைத் தாண்டாத கால்வின் வெஸ்டன். அவரோடு கோல்மனின் மகன் டெனார்டோ. டெனார்டோ பத்து வயதிலேயே அப்பாவின் 'தி எம்ப்டி ஃபாக்ஸ்ஹோல்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். அன்று அதைக் கேலி செய்த இசைக்கலைஞர்கள் உண்டு. அப்பா அவரைக் கடைசிவரை விடவில்லை. டெனார்டோவின் வாசிப்பில் மற்ற டிரம்மர்களிடம் இருக்கும் பழக்கப்பட்ட அசைவுகள் கிடையாது, அப்பாவுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இதைத் தொடக்கமாகச் சொல்வதற்குக் காரணம், பாடல்கள் சிறியவை, மெட்டுகள் கூர்மையானவை, ஒலி தெளிவானது. ஆறு பேர் வாசிப்பதும் தனித்தனியாகக் கேட்கிறது. முதல் பாட்டு 'ஸ்லீப் டாக்'. அதன் தொடக்க மெட்டைக் கேட்டதும் மேற்கத்திய செவ்வியல் இசை தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' தொடங்கும் பஸூன் என்ற ஊதுவாத்தியத்தின் சோலோவிலிருந்து வந்தது. அதைத் தெருவுக்குக் கூட்டிவந்து ஆடவிட்டிருக்கிறார். 'ஜம்ப் ஸ்ட்ரீட்' ஏறக்குறைய ப்ளூஸ். குழுவின் பின்னலை முழுதாகக் கேட்க 'லவ் வேர்ட்ஸ்'தான் நல்ல இடம். 'வாட் இஸ் த நேம் ஆஃப் தட் சாங்' பாட்டில் 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா'வின் இன்னொரு பழைய மெட்டு சட்டென்று எட்டிப் பார்க்கும்.

கேட்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒரு பாட்டை எடுத்து டக்கூமாவை மட்டும் தொடருங்கள். சாக்ஸபோனை மறந்துவிடுங்கள். ஆர்கன் வாசிக்கும் சார்ல்ஸ் எர்லண்டின் குழுவில் ஆடுவோருக்காக வாசித்துப் பழகி வந்தவர் அவர். அவருடைய விரல்களில் ஃபங்க் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒரே துண்டை இரண்டு முறை அப்படியே சொல்ல மாட்டார். இரண்டாவது முறை கோல்மனை மட்டும் கேளுங்கள், வாசிப்பதை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். மூன்றாவது முறை பெர்ன் நிக்ஸின் கிட்டார். இவர்தான் இந்தக் குழுவில் குறைவாகப் பேசப்பட்டவர். பெர்க்லி இசைக்கல்லூரியில் படித்த ஜாஸ் கிட்டார்காரர். ஒலியில் எந்த ஜாலமும் செய்யாமல், கோல்மன் சொன்ன ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடித்து அடுத்த சுருதியில் தொடருவார். அவரைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்தக் குழுவின் உரையாடல் திறந்தது. இந்த மூன்றையும் கேட்டபின் எல்லோரையும் சேர்த்துக் கேளுங்கள். முன்பு இரைச்சலாகத் தோன்றிய இடத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்கும்.

எண்பதுகளில் குழு இன்னும் வளர்ந்தது: இரண்டு கிட்டார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், நடுவில் கோல்மன். 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தின் இரட்டை ஏற்பாடு இங்கே திரும்பி வருகிறது. 1983-இல் ஃபோர்ட் வொர்த்தில் கேரவன் ஆஃப் ட்ரீம்ஸ் என்ற கலைக்கூடத்தை அவரை வைத்துத் திறந்தார்கள். ஊர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவும் பிரைம் டைமும் சேர்ந்து 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா' வாசித்தன. லண்டனில் கிடைக்காத அந்தக் கூட்டு பிறந்த ஊரில் நடந்தது. ஷெர்லி கிளார்க்கின் 'ஆர்னெட்: மேட் இன் அமெரிக்கா' ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். அந்தத் திறப்பு விழாவின் மேடைப் பதிவு 'ஓப்பனிங் தி கேரவன் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று வந்தது. ஆற்றல் நிறைய, ஆனால் ஒலி அடைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கடைசியில் கேளுங்கள்.

'இன் ஆல் லேங்குவேஜஸ்' வேறு கதை. 1987-இல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. ஒரு தட்டில் செர்ரி, ஹேடன், ஹிகின்ஸோடு பழைய குவார்ட்டெட். மறு தட்டில் பிரைம் டைம். பல பாடல்கள் இரண்டிலும் உண்டு. உங்களைப் போலக் குவார்ட்டெட்டிலிருந்து வருகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. 'ஃபீட் மியூசிக்', 'பீஸ் வாரியர்ஸ்', 'லேட்டின் ஜெனெடிக்ஸ்' மூன்றையும் குவார்ட்டெட்டில் ஒரு முறை, உடனே பிரைம் டைமில் ஒரு முறை கேளுங்கள். மெட்டு அதே, சுற்றிலும் வீடு மட்டும் மாறியிருக்கிறது. எல்லாமே சில நிமிடப் பாடல்கள், சலிப்பதற்கு நேரமே இருக்காது.

ஜாஸ் கிட்டார்காரர் பாட் மெத்தினியோடு செய்த 'சாங் எக்ஸ்' 1986-இல் வந்தது. இது பிரைம் டைம் ஆல்பம் அல்ல, ஆனால் மெத்தினியின் கிட்டார் சிந்தசைசரும் இரண்டு டிரம்மர்களும் சேர்ந்து அதே அடர்த்தியைத் தருகிறார்கள். 'எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்' பாட்டின் பதின்மூன்று நிமிடமும் ஒரே உச்சத்தில் நிற்கும். அதைக் கேட்க மனம் தயாராக இருக்கும் நாளில் கேட்பது நல்லது. 1988-இல் 'வர்ஜின் பியூட்டி' வந்தது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா மூன்று பாடல்களில் கிட்டார் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்துக்கே உரிய பளபளப்பான டிரம் ஒலி சிலருக்கு உறுத்தும், எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் '3 விஷஸ்' பாட்டின் மெட்டும், தலைப்புப் பாட்டில் ஆல்டோவின் ஏக்கமும் அதையெல்லாம் மறக்கச் செய்யும். மெட்டுகளின் இனிமைக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதென்றால் இதுதான் அவருடைய மிக அணுக்கமான எலெக்ட்ரிக் ஆல்பம்.

1995-இல் வந்த 'டோன் டயலிங்' கடைசி பிரைம் டைம் ஆல்பம். குழு முற்றிலும் மாறிவிட்டது. கீபோர்டு வந்திருக்கிறது, தபலாவும் வந்திருக்கிறது. வாசித்தவர் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் பிறந்த பாதல் ராய். மைல்ஸின் 'ஆன் தி கார்னர்' ஆல்பத்திலும் தபலா அவருடையதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மேலே நான் சொன்ன வேறுபாடு ஒரே மனிதரின் கைகளில் தெரியும். மைல்ஸிடம் தபலா அந்த வட்டத்தின் ஒரு பல். கோல்மனிடம் அது இன்னொரு குரல், அவர் பெயரிலேயே 'பாதல்' என்று ஒரு பாட்டும் இருக்கிறது. ஆல்பத்தில் ராப்பும் உண்டு, செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ தொகுப்பிலிருந்து ஒரு பிரெலூடும் (முன்னிசை) உண்டு. நிக்‌ஸும் டக்கூமாவும் இல்லாத குறை எனக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முயன்றதால் கொஞ்சம் சிதறவும் செய்கிறது. ஆனால் 'பாக் பிரெலூட்' பாட்டில் கிட்டார் பாக்கை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருக்க, திடீரென்று குழு முழுவதும் நுழைந்து அதைத் தங்கள் மொழிக்கு மாற்றும் கணம் கட்டாயம் கேட்க வேண்டியது.

இந்த வழியில் அவரிடமிருந்து கிளம்பியவர்களையும் கேட்டால் படம் முழுமையாகும். கிட்டார்காரர் ஜேம்ஸ் பிளட் அல்மர் எழுபதுகளில் கோல்மனிடம் கற்றவர். அவருடைய 'டேல்ஸ் ஆஃப் கேப்டன் பிளாக்' ஆல்பத்தில் கோல்மன், டக்கூமா, டெனார்டோ மூவரும் இருக்கிறார்கள். கோல்மனின் ஆல்டோ இன்னொருவர் தலைமையில் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பதே தனி அனுபவம். அல்மரின் 1983 ஆல்பம் 'ஒடிஸி' இன்னும் எளிமை: கிட்டார், வயலின், டிரம்ஸ், அவ்வளவுதான். பேஸ் இல்லை, ஆனால் ப்ளூஸ் முழுக்க இருக்கிறது. ஷானன் ஜாக்சன் தன் டீகோடிங் சொசைட்டி குழுவில் இந்த முறையைத் தன் அணிவகுப்பு டிரம்ஸோடு கலந்தார். ஃப்ரீ ஜாஸ் முன்னோடிகளான ஆல்பர்ட் ஐலர், செசில் டெய்லர், கோல்மன் மூவரோடும் வாசித்த கைகள் அவை. டக்கூமாவின் 'ஷோ ஸ்டாப்பர்' 1983-இல் வந்தது, கொண்டாட்டமான தட்டு.

ஒரு நடைமுறை விஷயம். இந்த ஆல்பங்கள் பல சிறு நிறுவனங்களில் சிதறி வெளியானவை. அதனால் 'ஆஃப் ஹியூமன் ஃபீலிங்ஸ்' உட்படச் சில பல ஆண்டுகள் கடைகளில் இல்லாமல் இருந்தன. அது கிடைக்கவில்லை என்றால் 'இன் ஆல் லேங்குவேஜஸ்' ஆல்பத்தின் பிரைம் டைம் பக்கத்தில் தொடங்குங்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும், டக்கூமா இல்லாமல் கேட்டால் இந்த இசையின் பாதிதான் உங்களிடம் வந்து சேரும்.